இரு என்று காட்டிய கை

மூன்று புள்ளி ஒன்பது, பிறகு மூன்று புள்ளி மூன்று, இன்றைக்கு எவ்வளவோ. இரண்டரைக்கு வந்துவிட்டால் போதும் என்று சென்ற முறை டாக்டர் ஷரோன் சொன்னார். இரண்டரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சற்றே பருத்த ஓர் அளவு, ஆறு வயதுப் பிள்ளையின் இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய் அவ்வளவுதான் இருக்க வேண்டுமாம், அதற்கு மேல் வீங்கி நின்றால் அந்த வீக்கத்தில் இரத்தம் தயங்கும், தயங்கினால் உறையும், உறைந்தால், வேண்டாம், அந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லை, நான் ஏன் முடிக்க வேண்டும். வெளியே தூறல் நின்றுவிட்டது. பாளையங்கோட்டையின் இந்த மருத்துவமனை நடையில் கிழக்குச் சன்னல் வழியாக வெயில் வந்து நீளமாகப் படுத்திருக்கிறது, அந்த வெயிலில் என் பேத்தி வடிவு கறுப்புக் கல்லை மட்டும் மிதித்து, வெள்ளைக் கல்லை மிதித்தால் முதலை கடிக்கும் என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் பூரித்துக் கன்னம் இரண்டும் கண்ணை நெருக்குகின்றன. பச்சைப் பாவாடையின் நாடாவை இரண்டு முறை தளர்த்தியாகிவிட்டது. பைய, மூச்சு வாங்கும் என்கிறாள் அவள் தாய் பிரமு, என் மருமகள், மடியில் இருக்கும் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. வாங்கல என்கிறது பிள்ளை. வாங்கவில்லைதான், நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், ஏழு கல், எட்டுக் கல், மூச்சு வாங்கவில்லை, சென்ற மாதம் கட்டிலிலிருந்து கழிவறை வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்ற பிள்ளை. எங்கள் சீட்டின் எண் பதினான்கு. உள்ளே பதினொன்று போயிருக்கிறது. பதினொன்றின் அழுகை கதவைத் தாண்டி வருகிறது, அதைக் கேட்டு வடிவு பெரிய மனுஷியைப் போல உதட்டைப் பிதுக்கி, வலிக்கவே வலிக்காது, ஜில்லுன்னு ஒரு பசை தடவுவாங்க, அவ்வளவுதான், இதுக்குப் போய் அழுறான் என்கிறாள். சுற்றியிருந்த தாய்மார் இருவர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அந்த எண்ணின்மேல் தட்டி நின்றது. மூன்று புள்ளி மூன்று.

எல்லாம் ஓர் இருமலில் தொடங்கியது என்றால் யார் நம்புவார்கள். சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம், திரும்பி வந்த மறுநாள் வீட்டில் எல்லாருக்கும் தொண்டைக் கரகரப்பு, எனக்கு நான்கு நாள் உடம்பு நோவு, பிள்ளைக்கோ ஒன்றரை நாள் இருமலும் மூக்கொழுகலும், அதற்குள் தெருவில் சைக்கிள் விடப் போய்விட்டாள். கிருமி வந்தது, போய்விட்டது என்று நினைத்தோம். அதன்பின் நான்கு வாரம் கழித்து, எல்லாரும் மறந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது, வெள்ளிக்கிழமை வயிற்றுவலி, சனிக்கிழமை உதடு வெடித்து நாக்கு கோவைப்பழமாகச் சிவந்தது, சூட்டு உடம்பு என்று வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடுத்தோம், ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை பிறகு. டாக்டர் ஷரோன் பொறுமைசாலி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னை உட்காரவைத்து விளக்கினார். கிருமி எப்போதோ ஒழிந்துவிட்டதாம். அதை எதிர்த்துப் புறப்பட்ட உடம்பின் சொந்தப் படைதான் பகை போனது தெரியாமல் வாளை உறையில் இடாமல் நிற்கிறதாம், வெட்டுவதற்கு வேறு எவரும் இல்லாதபோது தன் கோட்டையையே வெட்டுகிறதாம், தோல், குடல், கண், கடைசியில் இருதயம். பிள்ளைகளில் எங்கோ ஒருவருக்குத்தான் இப்படி ஆகும், ஏன் இந்தப் பிள்ளைக்கு என்று கேட்டால் எங்களுக்கும் முழுவதும் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த டாக்டர். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது. பின்பு ஒரு கண்ணாடிப் புட்டியைத் தொங்கவிட்டார்கள், தெளிந்த நீர்போல ஒரு மருந்து, பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது என்ன என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து வடித்தெடுத்த காப்புச் சத்து என்றார் தாதி. ஆயிரக்கணக்கானவர்கள். நான் அந்தப் புட்டியைப் பார்த்துக் கைகூப்பினேன், தாதி வேறெங்கோ பார்த்துக்கொண்டார். எங்கள் மரபில் பெயர் தெரிந்த அடியாரை வணங்கி முடித்தபின், பெயர் தெரியாத அடியாரையும், இனிப் பிறக்கப்போகும் அடியாரையும் சேர்த்து வணங்குவோம்; சிறுவயதிலிருந்து அந்த வரிசையை ஓதியிருக்கிறேன், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, அவர்கள் புட்டியில் சொட்டினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தோசை. அதன்பின் அந்த மாத்திரைப் பசி. காலை எழுந்ததும் இட்லி, இட்லி முடிந்ததும் சாப்பாடு எப்போது என்ற விசாரணை. விரல் நுனியில் தோல் உரிந்தபோது நாங்கள் பதறினோம், அவளோ உரிந்ததையெல்லாம் ஒரு திருநீற்றுச் சம்புடத்தில் சேர்த்துவைத்து, பாம்புதான் சட்டை கழட்டும், நானும் கழட்டியாச்சு என்று தெருவெல்லாம் காட்டிவந்தாள். என் திருநீற்றுச் சம்புடம். வாங்கிக் கழுவவும் மனம் வரவில்லை, அப்படியே அவளிடம் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் எண் உள்ளே போகிறது. ஞாயிற்றுக்கிழமை. எங்கே தொடங்கினாலும் நினைவு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியில் வந்து முட்டிக்கொள்கிறது. திருநெல்வேலி டவுனில் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மாதம் ஒருமுறை எங்கள் முற்றோதல். நாற்பது பேர் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு திருமுறையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஓதி, தீபாராதனை பார்த்துத்தான் எழுவோம், நடுவில் எழுவதில்லை, பேசுவதில்லை, தண்ணீர் கேட்பதும் சைகையில்தான். பதினெட்டு ஆண்டுகளாக முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் பிடிப்பவன் நான். அன்றைய ஓதலைப் பிள்ளையின் காய்ச்சல் தணியவே நேர்ந்துகொண்டிருந்தேன், இதுதான் என்னை அறுக்கிறது, அவளுக்காக அவளையே காக்கவைத்தேன். பிரமு வாசலில் வந்து நின்றாள், தோளில் பிள்ளை. எங்கள் வீட்டில் என்னிடம் சொல்லாமல் எவரும் எதுவும் செய்வதில்லை. மகன் மஸ்கட்டில் வேலைக்குப் போனதுகூட நான் நாள் குறித்த பிறகுதான். மாமா, பிள்ளைக்குக் கண்ணு இரத்தமாச் சிவந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும் என்றாள், அத்தனை பேர் ஓதலுக்கு நடுவே, உரக்க. நாற்பது தலைகள் திரும்பின. நான் திரும்பவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடக்கையை உயர்த்தினேன், உள்ளங்கை அவள் பக்கம். இரு. முடியட்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் இரயில்வேயில் இருந்தவன் நான், திருச்செந்தூர்த் தடத்துச் சிறு நிலையம் ஒன்றில் அதிகாரியாக ஓய்வு பெற்றவன். என் கை உயர்ந்தால் முந்நூறு டன் இரும்பு நின்றிருக்கிறது, சிவப்புக் கொடியை மீறி ஓர் அங்குலம் நகர்ந்த ஓட்டுநரின் வேலை போனதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கை. ஓதி முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. தீபாராதனை பார்த்து, பிரசாதம் வாங்கி, ஆம், பிரசாதமும் வாங்கினேன், வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல், வீட்டுக்கு வந்தால் பூட்டு. பிரமு போனில் சொன்னதாகப் பக்கத்து வீட்டார் சொல்ல இங்கே ஓடிவந்தேன். ஒன்றரை மணி. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தீவிரப் பிரிவுக்குள் கொண்டுபோகிறார்கள், கையில் ஊசி, பிரமுவின் சேலையில் வாந்தி. சற்றுமுன்தான் வந்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டேன். என் கைக்குக் கட்டுப்பட்டு, ஓதல் முடியும் நேரம்வரை, இரண்டரை மணி நேரம் அந்த மண்டப வாசலிலோ வீட்டிலோ நின்றுவிட்டு, பொறுக்காமல் வந்திருக்கிறாள். இரண்டரை மணி நேரம், இரண்டரை மில்லிமீட்டர், இந்த இரண்டு இரண்டரையும் என் தலைக்குள் ஆறு வாரமாக ஒன்றையொன்று துரத்துகின்றன. அந்த இரண்டரை மணியில்தான் குழாய் வீங்கியதோ. பகை எது, பிள்ளை எது என்று தெரியாமல் வாளோடு நிற்கும் படை என்று டாக்டர் சொன்னபோது அவர் என் வீட்டு வாசலில் நிற்கும் என்னைத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அவளிடம் கேட்கலாம். ஆறு வாரமாகக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் ஓதவில்லை. இது வெளியே எவருக்கும் தெரியாது. விடியலில் குளித்து, நீறு பூசி, விளக்கேற்றி உட்காருகிறேன், வாய் திறக்க மாட்டேன் என்கிறது. முதல் எழுத்து நாக்கின் நுனிவரை வருகிறது, அங்கே என் இடக்கை எழுந்து நிற்கிறது. தொண்டைக் கட்டு என்று சொல்லிவைத்தேன். பிரமு ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்ட பால் கொண்டுவந்து வைக்கிறாள். குற்றம் செய்தவனுக்குப் பால். பதினான்கு, வடிவாம்பிகை என்று கூப்பிடுகிறார்கள், யாரோ வேறு பிள்ளையைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது, வடிவு கடைசிக் கறுப்புக் கல்லிலிருந்து ஒரே தாவாகக் கதவுக்குள் தாவுகிறாள். தாத்தாவும் வரட்டும் என்கிறாள். சென்ற இரு முறையும் நான் வெளியே நின்றுவிட்டேன், பார்க்கும் துணிவில்லை. இன்றைக்கு அவள் என் விரலைப் பிடித்து இழுத்துப்போகிறாள், உரிந்து முடிந்து புதுத்தோல் வந்த விரல், வெண்ணெய் போல இருக்கிறது. உள்ளே அரையிருட்டு, குளிர். டாக்டர் ஷரோன் பசையைத் தடவி, கையடக்கக் கருவியை நெஞ்சில் வைக்கிறார். திரையில் சாம்பல் நிற மழை. மழைக்குள் ஏதோ அசைகிறது. தாத்தா, தள்ளி நிக்காதீங்க, இங்க வந்து பாருங்க என்கிறார், வந்து பார்க்கிறேன்.

எப்படிச் சொல்வேன். எழுபத்தொரு வயதுவரை ஓதியிருக்கிறேன், இருதயத்துக்குள் ஓர் அம்பலம் உண்டு, அங்கே ஓயாத ஆடல் ஒன்று நடக்கிறது என்று. கண்ணை மூடினால் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள், மூடி மூடிப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை, இரயில் கால அட்டவணைதான் தெரிந்தது. இங்கே கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறேன். கறுப்பு வெளியில் வெள்ளைக் கீற்றுகள் இரண்டு கைகோத்துப் பிரிகின்றன, கோக்கின்றன, பிரிகின்றன, எவரும் தாளம் பிடிக்கவில்லை, எவர் கை உயர்த்தியும் அது நிற்பதில்லை. நான் உறங்கியபோதும், மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதும், தள்ளுவண்டியில் அவள் கிடந்தபோதும் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. கண் நிறைந்து திரை கலங்குகிறது. மீன் வாய் மாதிரி இருக்கு என்கிறாள் வடிவு, படுத்தபடியே கழுத்தை வளைத்து. டாக்டர் சிரித்துவிட்டார், இருதயத்து வால்வு அது, நாங்களும் படிக்கிறப்ப அப்படித்தான் சொல்லுவோம் என்கிறார். மீனுக்குப் பசிக்குதோ என்கிறாள் பிரமு. பசிக்கும், மாத்திரை சாப்பிடுதுல்லா என்கிறது பிள்ளை. பின்பு அறை அமைதியாகிறது, டாக்டர் ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, இரண்டு சின்னச் சிலுவைக் குறிகளை அங்கும் இங்கும் நகர்த்தி அளக்கிறார், ஒருமுறை, மறுபடி ஒருமுறை, ஏன் மறுபடி, ஏன் மூன்றாம் முறை, பிரமுவின் கை பிள்ளையின் காலைப் பிடித்திருக்கிறது, நகம் வெளுத்திருக்கிறது.

இரண்டு புள்ளி நாலு என்றார் டாக்டர் ஷரோன். மூணு தடவை அளந்தேன், மூணு தடவையும் அதேதான். குழாய் பழைய அளவுக்கு வந்துட்டு. வீட்டுக்குப் போங்க.

நடையில் வந்து உட்கார்ந்தோம். மாத்திரையைக் குறைக்கும் கணக்கு, அடுத்து எப்போது வரவேண்டும், ஓடியாட இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும், எல்லாம் எழுதிய சீட்டு வருவதற்காகக் காத்திருக்கிறோம். பிரமு மஸ்கட்டுக்குப் பேசி முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் இப்போது எங்கள் கால்மேல் இருக்கிறது. இரண்டு புள்ளி நான்கு. கேட்க வேண்டும்; இப்போது கேட்காவிட்டால் இந்த மகிழ்ச்சிக்குள்ளேயே அந்த முள் இருந்துவிடும். கேட்டேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பிரமு. அன்னைக்கு மண்டபத்துல நான் கையக் காட்டினேன்லா. அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் நின்ன?"

"நிக்கவே இல்லையே மாமா."

"நான் காட்டுனதப் பாக்கலையா?"

"பாத்தேன்." கோப்பின் நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். "பாத்துட்டுத்தான் போனேன். பிள்ளை கண்ணு அப்படிக் கிடக்கும்போது உங்க கையையா பாத்துக்கிட்டு நிக்க முடியும்? வாசல்லயே ஆட்டோ. பத்தே காலுக்கு இங்க இருந்தோம். இரத்தம் எடுத்து, படம் பாத்து, எல்லாம் முடிஞ்சு மேல கொண்டுபோகும்போதுதான் நீங்க வந்தீங்க."

பத்தே கால். நான் கையை உயர்த்தி, அது இறங்குவதற்குள் அவள் புறப்பட்டுவிட்டாள். இரண்டரை மணி நேரம் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆறு வாரம் என்னைத் துரத்தியது நானே கற்பித்துக்கொண்டது. நான் காட்டிய சிவப்பைப் பார்த்தும் நில்லாமல் ஒரு வண்டி போயிருக்கிறது, உள்ளே என் பேத்தி. முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் எந்த வண்டி மீறினாலும் மேலிடத்துக்கு எழுதிவிடுவேன், இந்த வண்டி மீறியதைக் கேட்டு என் உடம்பெல்லாம் குளிர்கிறது, மண்டபத்தில் எத்தனையோ பாட்டுக்கு உருகியிருக்கிறேன், இவ்வளவு குளிர்ந்ததில்லை. இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது என்னைச் சிரிக்க வைத்ததா அழ வைத்ததா தெரியவில்லை: அத்தனை பேர் முன்னால் உங்கள் கையை மீறிப் போனேன், அன்றிலிருந்து நீங்கள் ஓதுவதை நிறுத்திவிட்டீர்கள், என்மேல் உள்ள கோபத்தில் சாமியிடம்கூடப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன், என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் பால் காய்ச்சினேன். ஆக அந்தப் பால் அவள் அச்சம்; அதைக் குடித்தது என் அச்சம். ஒரே வீட்டில் ஆறு வாரம். நான் சிரித்தேன், நடை முழுவதும் கேட்கும்படி, பதினைந்தாம் எண்ணின் தாய் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல வேளை நீ நிக்கல தாயி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை ஆண்டில் அவள் முகத்தை நான் இவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததில்லை; இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, அது எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்க வேண்டும். தொண்டைக் கட்டு விட்டுருச்சா மாமா என்றாள், உதட்டோரத்தில் சிரிப்பை மறைத்துக்கொண்டு. விட்டுவிட்டது என்றேன். நாளையிலிருந்து பால் கிடையாது என்றாள்.

ஆட்டோவில் நடுவில் வடிவு, இரண்டு பக்கமும் நாங்கள். பாலத்தின்மேல் ஏறும்போது தாமிரபரணி இரண்டு கரையும் தொட்டுப் புதுவெள்ளமாகப் போகிறது, நேற்றைய மழை, கழுவிவிட்ட வானம், நாணல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மினுங்குகிறது. கேட்காமலே வந்தது. நாக்கின் நுனியில் நின்ற முதல் எழுத்து இறங்கியது, அதன்பின் சொல், அதன்பின் அடி, ஆறு வாரத் துரு கரகரக்கப் பாடத் தொடங்கினேன், காலைப் பதிகத்தின் முதற்பாட்டு, பிறகு இரண்டாவது, இஞ்சினின் இரைச்சலைச் சுருதியாக வைத்துக்கொண்டு, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து வண்டியை மெதுவாக்கினார். மூன்றாம் பாட்டின் நடு அடியில் சட்டை இழுபட்டது.

"தாத்தா. நான் தூங்கும்போதும் அந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமா?"

நடு அடி. பதினெட்டு ஆண்டுகளில், ஏன், ஓதத் தொடங்கிய நாளிலிருந்து, நடு அடியில் நான் நிறுத்தியதில்லை. எதிரே காற்றில் மீதிப் பாட்டு நின்றது, அதற்குரிய சாமியும் அங்கேதான் நின்றிருப்பார். அவர் பக்கமாக இடக்கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினேன். இரு என்று காட்டிவிட்டு, பிள்ளையின் பக்கம் திரும்பிச் சொன்னேன், மூடும் கண்ணு, நீ தூங்கும்போதும் திறந்து திறந்து மூடும்.